முகமுள்ள திருமேனியும் முகமற்ற கல்மரமும்: வரலாற்றுச் சின்னங்களின் இணையக் காப்பகத்தைப் பொறுப்புடன் பயன்படுத்துவது குறித்து, திருவக்கரையை முன்வைத்து

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் சங்கராபரணி ஆற்றங்கரையில் இருக்கும் திருவக்கரை, திருஞானசம்பந்தர் பாடிய தொண்டை நாட்டுத் தலங்களுள் ஒன்று. சந்திரமௌலீசுவரர் கோயிலின் கருவறையில் மும்முக லிங்கம் உள்ளது. இராஜகோபுரமும் நந்தியும் கருவறையும் நேர்கோட்டில் அமையாமல் சற்றே விலகி நிற்பதைத் தலத்தின் தனித்தன்மையாகச் சொல்வார்கள். அதே வளாகத்தில்தான் வக்ரகாளியம்மன் சந்நிதி. பௌர்ணமி இரவுகளில் கூட்டம் கூடுவது அங்கேதான். கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி, செம்மண் மேட்டில், ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னெரா 1781இல் அவற்றைக் குறித்துவைத்தார். 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அந்த இடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாக அறிவித்தது.

கல்வெட்டு, கோயிற் கட்டடம், வழிபாட்டிலுள்ள திருமேனி, கல்மரம் ஆகிய நான்கும் ஓர் ஊரின் எல்லைக்குள் இருக்கின்றன. வரலாற்று இடங்களையும் கட்டடங்களையும் பதிந்து வைக்கும் இணையக் காப்பகங்கள் இப்படிப்பட்ட ஊரை ஒரே படிவத்தில் அடைக்கின்றன. பெயர், காலம், அமைவிடம், ஒளிப்படம், குறிப்பு என்ற கட்டங்களை எல்லாவற்றுக்கும் ஒன்றுபோல் நிரப்பி, எல்லாவற்றையும் ஒன்றுபோல் வெளியிடுகின்றன. இந்தக் கட்டுரையின் வாதம் இதற்கு எதிரானது. எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்து வைப்பது என்ற விதி கல்வெட்டுக்கு முழுவதும் நன்மை செய்கிறது. திருமேனிக்குப் பெரும்பாலும் நன்மை செய்கிறது. கல்மரத்துக்குக் கேடு செய்கிறது. ஒரு பொருள் தன் இடத்தை விட்டுப் போன பிறகும் 'நான் இன்ன ஊர்' என்று சொல்லக்கூடியதா என்பதைப் பொறுத்தே இந்த வேறுபாடு அமைகிறது. காப்பகத்தை நடத்துபவரும், அதிலிருந்து எடுத்து எழுதும் ஆய்வாளரும், படத்தைப் பகிரும் ஆர்வலரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது.

கல்வெட்டைச் சுருக்கமாகவே பேசிவிடலாம். திருவக்கரைக் கல்வெட்டுகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கல்வெட்டுத் துறையால் படியெடுக்கப்பட்டவை. முதலாம் இராஜராஜனின் 16ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1001 வாக்கில், கண்டராதித்தரின் தேவி செம்பியன் மாதேவி இங்கே கற்றளி எடுப்பித்த செய்தியை அவற்றால்தான் அறிகிறோம். கோனேரிராஜபுரம் முதல் விருத்தாசலம் வரை செங்கல் தளிகளைக் கற்றளிகளாக்கிய அந்த அரசியின் முதுமைக்காலப் பணி இது. கல்வெட்டை யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லை. திருப்பணியின்போது மணலைப் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்வதும், எழுத்தின் மேல் வண்ணம் பூசுவதும், கல்லைப் பிரித்து இடம் மாற்றி அடுக்குவதும்தான் அதற்கு நேரும் ஆபத்துகள். இவற்றுக்கு எதிராகக் கல்வெட்டுக்கு இருக்கும் ஒரே காவல், அதன் வாசகமும் மசிப்படியும் சுவரில் அது இருந்த இடமும் எத்தனை பேருக்குத் தெரியுமோ அத்தனை பேருக்கும் தெரிந்திருப்பதுதான். இங்கே திறந்து வைப்பதில் தயக்கம் காட்டுவது பிழை. மைசூரிலும் சென்னையிலும் உள்ள மசிப்படிகள் ஆய்வாளர் கையில் எளிதில் கிடைக்காமலிருப்பது தமிழ் வரலாற்றுக்கு நேர்ந்துவரும் நட்டம் என்றே சொல்வேன்.

திருமேனிக்குச் சாட்சி சொல்லும் படம்

திருவக்கரையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் இருக்கிறது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். 1955இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், அடுத்த ஆண்டிலிருந்தே தமிழ்நாட்டுக் கோயில்களை ஊர் ஊராகச் சென்று படம் எடுக்கத் தொடங்கியது. இன்று அதன் ஒளிப்படக் காப்பகத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. சிற்பவியல், கட்டடக்கலை ஆய்வுக்காகத் தொகுக்கப்பட்ட அந்தப் படங்கள், எடுத்தவர்களே எண்ணியிராத ஒரு பயனைப் பிற்காலத்தில் தந்தன.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராசர் திருமேனியை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்கு முன்பே அது இந்தியாவை விட்டுச் சென்றுவிட்டது என்று காட்டும் தாள்களை விற்பனையாளர் கொடுத்திருந்தார். புதுச்சேரிக் காப்பகத்திலோ அதே நடராசர் 1994இல் ஸ்ரீபுரந்தான் கோயிலுக்குள் இருக்கும் படம் இருந்தது. தாள்கள் பொய் என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை. 2014 செப்டம்பரில் நடராசர் இந்தியாவுக்குத் திரும்பினார். விருத்தாசலத்திலிருந்து களவாடப்பட்டு சிட்னியில் உள்ள கலைக்கூடத்தில் இருந்த அர்த்தநாரீசுவரர் கற்சிலையும் அவருடன் வந்தது. ஆனந்தமங்கலத்து இராமர், இலட்சுமணர், சீதை திருமேனிகள் 1978இல் திருடுபோயின. 1958இல் எடுத்த படத்தை வைத்து அடையாளம் காணப்பட்டு அவை 2020இல் இலண்டனிலிருந்து மீண்டன. ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967இல் ஏலத்தில் வாங்கிய திருமங்கையாழ்வாரை, 1957இல் எடுத்த படம் ஒன்று அவருடைய கோயிலோடு இணைத்தது. திருப்பித் தர 2024இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது.

இந்த நிகழ்வுகளைச் சொல்லும்போது 'படம் மீட்டது' என்று சொல்லிவிடுகிறோம். என் கருத்தில் படத்தைவிடப் படத்தின் பின்புறக் குறிப்பே மீட்டது. 1994 என்ற எண் இல்லாவிட்டால் ஸ்ரீபுரந்தான் படம் ஓர் அழகிய நடராசரின் படம் மட்டுமே. விற்பனையாளரின் கதையோடு அது முரண்பட்டிருக்காது. எந்த ஊர், எந்தக் கோயில், எந்த ஆண்டு, யார் எடுத்தது என்ற நான்கு விவரங்களும் படத்தோடு பிரியாமல் இருந்ததால்தான் நீதிமன்றத்திலும் அருங்காட்சியகத்திலும் அதற்கு எடை இருந்தது. அந்தப் படத்தை இறக்கி, ஓரத்தை வெட்டி, வண்ணமேற்றி, ஊர்ப்பெயரும் ஆண்டும் இல்லாமல் சமூக ஊடகத்தில் பகிரும்போது கோயிலின் பெருமையைப் பரப்புவதாக நினைக்கிறோம். பரவுவது அழகு மட்டும். சான்று அங்கேயே அறுந்துவிடுகிறது. வெட்டிய படம் நூறு இடங்களில் சுற்றி வந்த பிறகு, மூலப்படத்தின் ஆண்டைக் கேள்விக்குள்ளாக்குவது எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு எளிதாகிவிடும். காப்பகப் படத்தைப் பயன்படுத்துபவரின் முதற்கடமை அதன் குறிப்பை அப்படியே உடன் கொண்டுசெல்வது. குறிப்பில் பிழை தெரிந்தாலும் பழையதை அழிக்காமல் திருத்தத்தைத் தனியே தர வேண்டும்.

படங்களை வெளியிடுவதே திருடருக்கு வழிகாட்டுவதாகும் என்று கோயில் நிருவாகத்தில் இருப்பவர்கள் சொல்வதுண்டு. இந்த அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. ஆனாலும் தமிழ்நாட்டுச் சிலைத் திருட்டின் வரலாறு இதை ஏற்கவில்லை. சிவபுரம் நடராசர் 1950களில், பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில், போலியைத் திருப்பித் தந்து மாற்றப்பட்டவர். அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளையிடமிருந்து அவர் திரும்பியது 1986இல். இணையமே இல்லாத காலத்தில், திருமேனி எங்கே இருக்கிறதென்று தெரிந்தவர்கள் கையால் நடந்த களவு அது. படம் பரவலாக அறியப்பட்ட திருமேனியை உலகச் சந்தையில் விற்பது கடினம். யாரும் படமெடுக்காத திருமேனியை விற்பது எளிது. ஆகவே திருமேனியின் உருவம், உயரம், பீடத்தின் அமைப்பு, உடைந்த விரல், தேய்ந்த முகம் எல்லாம் திறந்தே இருக்கட்டும். அது எந்த அறையில், எந்தப் பூட்டுக்குள், எந்த நாளில் வெளியே வருகிறது, காவல் எப்போது மாறுகிறது என்பவை காப்பகத்தின் பொதுப்பக்கத்தில் இடம்பெற வேண்டியதில்லை. ஆய்வுக்கு அவற்றால் பயனும் இல்லை.

உருவத்தைத் திறந்து வைப்பதிலும் ஓர் எல்லை உண்டு. கருவறை மூலவரைப் படமெடுக்கக் கூடாது என்பது நம் கோயில்களின் நடைமுறை. திருவக்கரையின் மும்முக லிங்கத்தைப் பற்றி எழுதும் கலை வரலாற்று ஆய்வாளருக்குப் படம் உதவியாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. அந்த உதவிக்காக, அபிடேகத்தின்போது கைபேசியில் திருட்டுத்தனமாக எடுத்த படத்தைக் காப்பகம் ஏற்றுக்கொள்வதையும், அதை ஆய்வாளர் மேற்கோளாக்குவதையும் நான் ஏற்கவில்லை. வரைபடமும் அளவும் சொல்லோவியமும் இருக்கும்போது, அன்றாடம் அங்கே விளக்கேற்றுகிறவர்களின் விதியை மீறும் தேவை ஆய்வுக்கு இல்லை.

கல்மரம்: திறந்து வைப்பதன் கேடு

திருமேனிக்குப் பொருந்திய நியாயம் கல்மரத்தில் தலைகீழாகிறது. அதைப் புரிந்துகொள்ள அந்த மரங்கள் அங்கே எப்படி வந்தன என்று பார்க்க வேண்டும். திருவக்கரையின் கல்மரங்கள் கடலூர் மணற்கல் எனப்படும் பாறைப்படிவில் புதைந்தவை. வேரோ கிளையோ இலையோ பட்டையோ இல்லாத அடிமரங்களாகக் கிடப்பதால், அவை அங்கேயே வளர்ந்தவை அல்ல, வெள்ளத்தில் அடித்து வரப்பட்டவை என்று புவியியலாளர் கருதுகின்றனர். மணலில் புதைந்த மரத்தின் திசுக்களில் நிலத்தடி நீரிலிருந்த சிலிக்கா மெல்ல மெல்ல இடம்பிடித்தது. ஆண்டு வளையங்களும் இழையோட்டமும் அப்படியே கல்லாயின. இன்று வெளித்தெரிபவை சுமார் 200 மரங்கள். சிலவற்றின் நீளம் 15 மீட்டர் வரை. பூங்காவின் பரப்பு 247 ஏக்கர். ஒரே வேலிக்குள் அடங்காமல் பல துண்டுகளாகச் சிதறியிருக்கும் அந்தப் பரப்பில் பார்வையாளருக்குத் திறந்திருப்பது சிறு பகுதிதான்.

இந்த மரங்களிலிருந்து உள்ளங்கையளவு துண்டு ஒன்றை ஒருவர் பையில் போட்டுக்கொண்டு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது பத்து ஆண்டு கழித்து வேறொரு நகரின் கடையில் அலங்காரக் கல்லாகக் கிடந்தால், அது திருவக்கரையிலிருந்து வந்தது என்று யாரால் நிறுவ முடியும்? நடராசருக்கு முகம் உண்டு, முத்திரை உண்டு, திருவாசியில் உடைந்த சுடர் உண்டு. கல்மரத் துண்டுக்கு அப்படி எதுவுமில்லை. அதன் அறிவியல் மதிப்பு முழுவதும் அது கிடந்த இடத்தில், அது கிடந்த திசையில், அதைச் சுற்றியிருந்த மணலில் இருக்கிறது. இடம் போனால் அதன் வரலாறும் போகிறது. ஆயிரம் படங்கள் காப்பகத்தில் இருந்தாலும் அந்தத் துண்டை மீட்க அவை சாட்சி சொல்லா. படத்தைத் திறந்து வைப்பதால் திருமேனிக்குக் கிடைக்கும் காவல் கல்மரத்துக்குக் கிடைப்பதில்லை. துல்லியமான அட்சரேகை தீர்க்கரேகையைத் திறந்து வைப்பதால் வரும் ஆபத்து மட்டுமே மிஞ்சுகிறது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 1906இல் பாதுகாக்கப்பட்ட கல்மரக் காட்டின் அனுபவம் இதற்கு நேரடிப் பாடம். அங்கிருந்து எடுத்துச் சென்ற துண்டுகளை மனம் வருந்திப் பலர் அஞ்சலில் திருப்பி அனுப்புகிறார்கள். ஆனால் அவற்றை மீண்டும் காட்டில் வைக்க முடிவதில்லை. எந்தத் துண்டு எங்கே கிடந்தது என்று தெரியாத நிலையில் கண்ட இடத்தில் வைத்தால் எஞ்சியிருக்கும் சான்றும் குழம்பிவிடும் என்பதால் அவை ஓரமாகக் குவித்து வைக்கப்படுகின்றன. திருந்திய மனமும் திருப்பி அனுப்பிய கல்லும் இருந்தும் இழப்பு ஈடாகவில்லை.

அதே காட்டிலிருந்து காப்பகங்களுக்கு வேறு இரண்டு செய்திகளும் உண்டு. ஆண்டுக்கு 14 டன் கல்மரம் களவு போகிறது என்று பார்வையாளரை எச்சரிக்கும் பலகை அங்கே நெடுங்காலம் இருந்தது. உளவியலாளர் இராபர்ட் சியால்டினியும் அவருடைய குழுவினரும் பாதையில் அடையாளமிட்ட துண்டுகளைப் போட்டு, வெவ்வேறு வாசகங்கள் கொண்ட பலகைகளை வைத்துச் சோதித்தனர். முன்பு வந்தவர்கள் பலர் எடுத்துச் சென்றுவிட்டார்கள் என்று வருந்திச் சொன்ன பலகை இருந்தபோது 7.92 விழுக்காடு துண்டுகள் காணாமற்போயின. எடுக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்ட பலகை இருந்தபோது 1.67 விழுக்காடு. எல்லோரும் எடுக்கிறார்கள் என்ற சேதி தடையாக அமையாமல் அனுமதியாகிவிட்டது. திருவக்கரை பற்றிய இணையக் குறிப்புகளிலும் 'வருவோர் போவோர் எல்லாம் அள்ளிச் செல்கிறார்கள்' என்ற புலம்பலை அக்கறையோடு எழுதுகிறோம். அந்த அக்கறையை இந்த ஆய்வின் வெளிச்சத்தில் திருத்தி எழுத வேண்டும்.

இரண்டாவது செய்தி இன்னும் முக்கியம். அரிசோனாவில் பிற்காலத்தில் ஆய்வாளர்கள், பழைய ஒளிப்படங்கள் எடுக்கப்பட்ட அதே இடங்களில் நின்று, அதே கோணத்தில் மீண்டும் படமெடுத்து ஒப்பிட்டனர். பெரும்பாலான இடங்களில் மரத்துண்டுகள் பழைய படத்தில் இருந்தபடியே கிடந்தன. இத்தனை டன் போய்விட்டது என்று பல ஆண்டுகள் சொல்லிவந்தது மிகையென்று தெரிந்தது. பழைய படத்தைப் பொறுப்புடன் பயன்படுத்துவதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நான் அறியேன். படத்தை அலங்காரமாக்காமல் அளவுகோலாக்கினார்கள்.

அப்படியானால் கல்மரத்தைப் பதியவே வேண்டாமா என்று கேட்கலாம். பதிவே இல்லாவிட்டால் வேறு வகை அழிவு காத்திருக்கிறது. வானூர் வட்டம் கல்குவாரிகளும் கிரஷர்களும் நிறைந்த பகுதி. வேலிக்கு வெளியே மண்ணுக்கடியில் கல்மரம் இருக்கும் நிலம் குத்தகைக்குப் போகும்போது 'இங்கே இருக்கிறது' என்று சொல்ல ஆவணம் வேண்டும். தொல்லியல் சின்னங்களுக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டமும், 100 மீட்டர் தடைப்பகுதியை வகுத்த 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் இருக்கின்றன. புவியியல் சின்னங்களுக்கு அப்படியொரு தனிச்சட்டத்துக்கான வரைவு 2022 டிசம்பரில் வெளியிடப்பட்டது. அது வரைவாகவே நிற்கிறது. சட்டக் காவல் மெலிந்த இடத்தில் ஆவணத்தின் பொறுப்பு கூடுகிறது. எனவே ஒவ்வொரு மரத்தின் துல்லியமான அமைவிடமும் புவியியல் துறையிடமும் மாவட்ட நிருவாகத்திடமும், காரணம் சொல்லிக் கேட்கும் ஆய்வாளரிடமும் இருக்கட்டும். பொதுப்பக்கத்தில் பூங்காவின் வாயிலும் பார்வையாளர் பகுதியும் போதும். அமெரிக்காவில் 1979ஆம் ஆண்டுத் தொல்லியல் வளச் சட்டமே, வெளியிட்டால் கேடு வரும் என்ற நிலையில் அமைவிடத்தை மறைத்து வைக்க வழி செய்கிறது. மறைப்பது ஆய்வுக்கு எதிரானது என்ற எண்ணத்தை அந்நாட்டு ஆய்வாளர்கள் கடந்து நெடுங்காலமாகிறது.

ஆய்வேட்டில் ஜிபிஎஸ் எண்களை ஏழாம் தசமம் வரை அச்சிடுவது துல்லியத்தின் அடையாளம் என்று நம் பல்கலைக்கழகங்களில் கற்றுத்தருகிறோம். ஆய்வேடுகள் இணையத்தில் ஏறும் காலத்தில் அந்தப் பின்னிணைப்பு யார் கைக்குப் போகும் என்பதையும் நெறியாளர்கள் யோசிக்க வேண்டும். கைபேசிப் படத்துக்குள் அமைவிட விவரம் தானாகவே பதிந்திருப்பதும் பலருக்குத் தெரிவதில்லை. வேலிக்கு வெளியே கிடக்கும் மரத்தின் படத்தை அந்த விவரத்தோடு பகிர்வது, கல்மரத்தைப் பொறுத்தவரை, வழிச்சீட்டு எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

படம் எடுத்த நாளும் இன்றைய கோயிலும்

கட்டடத்தைப் பொறுத்தவரை பொறுப்பின்மை வேறொரு வகையில் வெளிப்படுகிறது. தமிழ்நாட்டுக் கோயில் உறைந்துபோன சின்னமாக இருப்பதில்லை. 12 ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற மரபின்படி சுதை புதுப்பிக்கப்படுகிறது, வண்ணம் மாறுகிறது, தளம் மாற்றப்படுகிறது, புதிய மண்டபம் எழுகிறது. காப்பகத்தில் காணும் பிரகாரம் 1950களில் இருந்த பிரகாரமாக இருக்கலாம். அதைப் பார்த்து 'சோழர்கால அமைப்பு மாறாமல் இருக்கிறது' என்று நிகழ்காலத்தில் எழுதுவது, பார்க்காத இடத்துக்குச் சான்று தருவதாகும். அரசுப் பட்டியலே இதில் விதிவிலக்கல்ல. இந்தியத் தொல்லியல் துறையின் சின்னங்களை நேரில் சென்று சரிபார்த்த தலைமைத் தணிக்கையாளரின் 2013ஆம் ஆண்டு அறிக்கை, 92 சின்னங்களைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றது. பட்டியலில் அவை இருந்தன, தரையில் இல்லை.

ஊர்ப்பெயர், மாவட்டப் பெயர் விஷயத்திலும் கவனம் வேண்டும். விழுப்புரம் மாவட்டம் 1993இல்தான் பிறந்தது. அதற்கு முந்தைய பதிவுகள் திருவக்கரையைத் தென்னார்க்காடு மாவட்டத்தில் வைத்திருக்கும். பழைய கோப்பைத் தேடுபவர் இன்றைய மாவட்டப் பெயரால் தேடி, 'பதிவு இல்லை' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கல்மரம் என்று தேடினால் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரின் கல்மரமும் வந்து சேரும். அது கடற்படிவில் கிடைத்த, பல கோடி ஆண்டு மூத்த, வேறொரு காலத்து மரம். இரண்டின் வயதையும் மாற்றி எழுதும் குறிப்புகள் ஒன்றைப் பார்த்து ஒன்று படியெடுத்துப் பெருகுகின்றன.

தலபுராணத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வக்ராசுரனைத் திருமால் அழித்ததும், அவன் தங்கையைக் காளி வதைத்ததும் திருவக்கரையின் உயிர்நாடியான கதைகள். அவை இல்லாமல் பௌர்ணமிக் கூட்டத்தைப் புரிந்துகொள்ள முடியாது. காப்பகத்தில் அவற்றுக்கு இடம் உண்டு, அதுவும் கௌரவமான இடம். கோயிலின் காலத்தைக் குறிக்கும் கட்டத்தில் கதையை நிரப்பி, செம்பியன் மாதேவியின் 1001ஐப் பின்னுக்குத் தள்ளுவதுதான் பிழை. கதையும் கல்வெட்டும் தத்தம் பெயரோடு அருகருகே நிற்கும்போது இரண்டுக்கும் மதிப்பு கூடுகிறது.

யார் பதிவைத் திருத்துவது

இந்தப் பொறுப்பு முழுவதையும் காப்பகத்தாரின் தலையில் சுமத்த நான் விரும்பவில்லை. அவர்களிடம் ஆளும் பணமும் குறைவு. எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள் திருப்பித் தருவதும் மிகக் குறைவு. காப்பகப் படத்தை நூலில் அச்சிட்ட ஆய்வாளர், கோயிலுக்கு நேரில் போனபோது படத்திலிருந்த மாடம் காலியாக இருந்ததைக் கண்டால், அதை அடிக்குறிப்பில் எழுதுவதோடு காப்பகத்துக்கும் இந்து சமய அறநிலையத் துறைக்கும் தெரிவிக்க வேண்டும். பழங்கோயில்களின் பாதுகாப்பு பற்றி 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் 75 கட்டளைகள் கொண்ட தீர்ப்பு வழங்கியது. அதன் பயன், களத்தில் நடப்பவர்கள் கண்ணில் பட்டதை உடனுக்குடன் சொல்வதைப் பொறுத்தே இருக்கிறது.

திருவக்கரைக்குச் செய்யத்தக்கது தெளிவாகவே தெரிகிறது. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. புவியியல் துறையின் ஒப்புதலோடு, பார்வையாளர் பகுதியில் சில நிலையான நிற்குமிடங்களைக் குறித்து, ஆண்டுக்கு ஒருமுறை, அதே மாதத்தில், அதே கோணத்தில் மாணவர்கள் படமெடுக்கலாம். ஒவ்வொரு படத்திலும் ஓர் அளவுகோல் இருக்க வேண்டும். நாளும் எடுத்தவர் பெயரும் கோப்பில் சேர வேண்டும்; துல்லிய அமைவிடம் துறையிடம் தங்க வேண்டும். கோயிலில் கல்வெட்டுச் சுவர்களுக்கும் இதே முறை, ஆனால் முழுவதும் பொதுப்பார்வைக்கு. முதல் தொகுதி கையில் வந்த பிறகு ஐந்தாம் ஆண்டுப் படத்தை அதன் பக்கத்தில் வைத்தால், எந்த மரம் எந்த ஆண்டில் குறைந்தது, எந்த எழுத்து எந்தத் திருப்பணியில் மறைந்தது என்று ஆண்டைக் குறிப்பிட்டே எழுத முடியும்.